முனுசாமி மகன் கண்ணன், கண்ணன் மகன் முனுசாமி

குடும்ப மரம் வரைய எந்தத் தளத்தைத் திறந்தாலும் முதல் கட்டம் பெயர், இரண்டாவது கட்டம் குடும்பப் பெயர். வேலூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்குச் சிக்கல் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்துதான் உண்டு. கட்டத்தைக் காலியாக விட்டால் சில தளங்கள் அடுத்த பக்கத்துக்கே விடாது. அதனால் ஒருவர் தகப்பன் பெயரைப் போடுகிறார், இன்னொருவர் இனிஷியலைப் போடுகிறார், மூன்றாமவர் சாதிப் பட்டத்தைப் போடுகிறார். ஒரே வீட்டுப் பங்காளிகள் மூன்று பேர் சேர்ந்து மரம் வளர்த்தால், ஒரே தாத்தா மூன்று தாத்தாவாக நிற்பார்.

இதைவிடப் பெரிய வில்லங்கம் பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது. முனுசாமியின் மகன் கண்ணன், கண்ணனின் மூத்த மகன் முனுசாமி, அவர் மகன் மறுபடியும் கண்ணன். எல்லோரும் ஒரே ஊர், பிறந்த தேதி யாருக்கும் இல்லை. தளம் இதைப் பார்த்துவிட்டு "இருவரும் ஒருவரோ?" என்று கேட்கும். அவசரத்தில் ஆமாம் என்று அழுத்தினால் தாத்தா பேரனாகிவிடுவார், பாட்டிக்கும் பேரன் பெண்டாட்டிக்கும் ஒரே புருஷன் என்று படம் காட்டும். இணைத்ததைப் பிரிக்க வழி இருந்தாலும், இரண்டு பேரின் பிள்ளைகளும் ஆவணங்களும் கலந்த பிறகு எது யாருடையது என்று கையால்தான் பொறுக்க வேண்டும். தகப்பன் பெயரும் தாய் பெயரும் இரண்டுமே ஒத்துப் போகாமல் இணைக்கக் கூடாது. பெயரும் ஊரும் மட்டும் ஒத்தால் அது தாத்தா-பேரன் என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும்.

குடும்பப் பெயர்க் கட்டத்தில் தகப்பன் பெயரை முழுசாக எழுதுவதே உத்தமம். இனிஷியல் மட்டும் போட்டால் "மு." என்பது முனுசாமியா, முருகேசனா, முத்துவா என்று அடுத்த தலைமுறைக்குத் தெரியாது. கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளில், அதன் இணைய வடிவத்திலும், குடும்பப் பெயர் எந்த வகை என்று குறிக்க இடம் உண்டு. அதில் 'தந்தை பெயரால் வந்தது' என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் அது பரம்பரைப் பெயராக மகனுக்குத் தானாக ஒட்டிக்கொள்ளாது. பட்டத்தை மாற்றுப் பெயராகத் தனியே பதியுங்கள். பட்டத்தை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. ஒரே சமூகத்தாருக்கே ஒரு பக்கம் நாயக்கர், ஒரு பக்கம் கவுண்டர், தெற்கே போனால் படையாச்சி. பின்னொட்டுக் கட்டம் ஒன்று பெரும்பாலான தளங்களில் சும்மா கிடக்கும். அதில் ஊர்ப் பெயரைப் போட்டுவிடுங்கள். அந்தக் கட்டத்தை உருவாக்கினவர்கள் இதற்காக வைக்கவில்லைதான். ஆனால் பட்டியலில் இருபது கண்ணன்கள் வரிசையாக நிற்கும்போது "கண்ணன் முனுசாமி, பள்ளிகொண்டா" என்று கண்ணில் படுவதுபோல் உதவுவது வேறெதுவும் இல்லை.

பெண்களுக்குக் கல்யாணத்துக்கு முன் ஓர் இனிஷியல், பின் ஓர் இனிஷியல். தகப்பன் பெயரோடு ஒரே பதிவாக வைத்து, புருஷன் இனிஷியலோடு வருவதை 'திருமணத்துக்குப் பின்' என்ற மாற்றுப் பெயராகச் சேருங்கள். வாக்காளர் பட்டியலிலும் குடும்ப அட்டையிலும் இரண்டாவது பெயர்தான் இருக்கும். கூப்பிடும் பெயர், ஏட்டுப் பெயர் என்று இரண்டு இருந்தாலும் இதே வழி.

ஊர் விஷயத்துக்கு வருவோம். மாவட்டம் ஓரிடத்தில் நின்றதே இல்லை. 1911 வரை வட ஆற்காட்டின் தலைமையிடம் சித்தூர். அந்த ஆண்டு சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்து, வட ஆற்காட்டுக்கு வேலூர் தலைமையிடமானது. அப்போதே சேலத்திலிருந்து திருப்பத்தூரும், தென்னாற்காட்டிலிருந்து திருவண்ணாமலையும் இங்கே வந்து சேர்ந்தன. 1989-இல் திருவண்ணாமலை, ஆரணி, செய்யாறு, வந்தவாசி, போளூர் எல்லாம் தனி மாவட்டமாகப் போயின. 2019-இல் மிச்சமிருந்த வேலூர் மாவட்டமும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது.

இதனால் ஆகும் கோளாறு இரண்டு வகை. 1890-ஆம் ஆண்டுத் தாளில் "வட ஆற்காடு ஜில்லா" என்று இருந்தால் அந்த ஊர் இன்றைக்குப் பலமனேர் பக்கமாகவும் இருக்கலாம், சந்திரகிரிப் பக்கமாகவும் இருக்கலாம். தமிழ்நாட்டு ஊர்ப் பட்டியலில் தேடி இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. அதேபோல் 1900-இல் திருப்பத்தூரில் வாழ்ந்தவருக்கு வட ஆற்காட்டுக் கட்டுகளைப் புரட்டுவது வீண்; அவருடைய தாள்கள் சேலம் ஜில்லாவில் இருக்கும். கிராம்ப்ஸில் ஒரு தாலுகா எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை எந்த மாவட்டத்துக்குள் இருந்தது என்று தேதியோடு அடுக்கலாம். திருப்பத்தூருக்கு 1911 வரை சேலம், பிறகு வட ஆற்காடு, 1989 முதல் வட ஆற்காடு அம்பேத்கர், அப்புறம் வேலூர், 2019 முதல் திருப்பத்தூர் என்று ஐந்து வரி. ஒரு தடவை போட்டால் அந்தத் தாலுகாவின் எல்லா ஊருக்கும் ஆயிற்று. இந்த வசதி இல்லாத தளங்களில், நிகழ்ச்சி நடந்த காலத்து ஜில்லாவை எழுதி, இன்றைய மாவட்டத்தைக் குறிப்பில் சொல்லுங்கள்.

தளம் தானாகக் காட்டும் ஊர்ப் பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துவது இன்னொரு பழக்கம். திருப்பத்தூர் என்று அடித்தால் சிவகங்கைத் திருப்பத்தூரில் குத்தூசி நிற்கும். ஆரணி என்றால் திருவள்ளூர் மாவட்டத்து ஆரணியும் வரும். மேல்விஷாரம், கீழ்விஷாரம் போன்ற இரட்டை ஊர்களில் எழுத்தர்கள் முன்னொட்டை விழுங்கிவிடுவார்கள். மேல் என்றால் மேற்கு, கீழ் என்றால் கிழக்கு என்பதை வைத்துப் பக்கத்து ஊரைப் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும். வீட்டில் "நம்ம ஊர்" என்று சொல்வது பல நேரம் குக்கிராமமாக இருக்கும். பட்டாவில் அது வராது, வருவாய்க் கிராமத்தின் பெயர்தான் வரும். இரண்டையும் சேர்த்துப் பதிந்தால்தான் பிறகு சர்வே எண்ணைத் தேட முடியும்.

பெயரை ஆங்கில எழுத்தில் தேடும்போது வரும் தொல்லையை ஒரே பெயரில் காட்டலாம்: ஏழுமலை. நம் பக்கத்தில் தெருவுக்கு ஓர் ஏழுமலை உண்டு. இதை ஆங்கிலத்தில் 'இ' எழுத்தில் தொடங்குகிறவரும் உண்டு, 'ஒய்' எழுத்தில் தொடங்குகிறவரும் உண்டு. ழகரத்துக்கு ஒருவர் 'எல்' போடுவார், ஒருவர் 'இசட் எச்' போடுவார். பல தளங்களில் ஒலியை வைத்துத் தேடும் வசதியாக இருப்பது சவுண்டெக்ஸ், அல்லது அதன் வாரிசு. அது அமெரிக்காவில் 1918-இல் காப்புரிமை பெற்ற முறை. முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் எண்ணாக்கும். முதலெழுத்தே மாறினால் அதற்குக் கண் தெரியாது. எல்லம்மாள், ஏகாம்பரம், கோவிந்தன், சண்முகம், ஞானம் என்று முதலெழுத்து ஆடும் பெயர்கள் எல்லாம் அடிபடும். கோவிந்தன் 'ஜி'யிலும் வருவார், 'கே'யிலும் வருவார்.

வழி என்னவென்றால், முதலெழுத்தை விட்டுவிட்டு நடு மெய்யெழுத்துகளைப் பிடிப்பது. எந்த எழுத்துக்கும் ஈடாக நட்சத்திரக் குறியை ஏற்கும் தளங்களில், ஃபேமிலிசர்ச் அப்படி ஒன்று, உயிரெழுத்து வரும் இடங்களில் எல்லாம் நட்சத்திரம் போட்டுத் தேடலாம். சொந்தப் பட்டியலை விரிதாளில் வைத்திருந்தால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நிரல் ஒதுக்கி, ழ, ள இரண்டையும் ல ஆக்கி, ணகரத்தையும் நகரத்தையும் ன ஆக்கி, றகரத்தை ர ஆக்கி, இரட்டித்த மெய்யை ஒற்றையாக்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிரலை அகர வரிசைப்படுத்தினால் எழுத்துப் பிழையால் பிரிந்து கிடந்தவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். தளம் கட்டுகிறவர்கள் தமிழுக்கென்று ஒன்றே ஒன்று செய்வதானால், எழுத்துகளை இப்படி ஒன்றாக்கித் தேடும் வேலையைச் செய்யட்டும். யூனிகோடில் 'கொ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் தேடலில் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. சேமிக்கும்போதே ஒரே வடிவத்துக்கு மாற்றாத தளத்தில் கோவிந்தனும் பொன்னம்மாளும் காணாமல் போவது இதனால்தான்.

டர்பனிலிருந்தும் ஃபிஜியிலிருந்தும் வரும் கேள்விகள் இந்தச் சிக்கல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு வரும். 1860-இல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன ட்ரூரோ கப்பலில் தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். சென்னையில் ஏறியவர்களில் வட ஆற்காட்டார் கணிசம். ஃபிஜிக்குச் சென்னைக் கப்பல்கள் 1903 முதல் 1916 வரை. "கொள்ளுத்தாத்தா பெயர் மூன்சாமி கவெண்டர், ஊர் வெல்லூர்" என்று எழுதுவார்கள். கவெண்டர் என்பது கவுண்டர். மூன்சாமி நம் முனுசாமி. ஊர் என்று சொல்லும் வேலூர் அநேகமாகத் தாலுகா, அல்லது ஜில்லா. இப்படி எழுதுகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது கொள்ளுத்தாத்தாவின் குடியேற்ற எண். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு; அங்கே நடந்த கல்யாணம், சாவு எல்லாவற்றிலும் அந்த எண்ணே தொடரும். அது கிடைத்தால் தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், உடம்பு அடையாளம், ஜில்லா, தாலுகா, கிராமம் என்று முழு வரியும் கிடைக்கும். கிராமப் பெயர் குமாஸ்தா காதில் விழுந்த மாதிரி எழுதியது. அதைத் தமிழ்நாடு முழுக்கத் தேடாமல் அந்தத் தாலுகாவின் கிராமப் பட்டியலோடு மட்டும் ஒப்பிடுங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடுகளில் தாலுகாவாரிக் கிராமப் பட்டியல் இருக்கிறது, இணையத்திலும் பார்க்கலாம். 1911-க்கு முந்திய வரி என்றால் சித்தூர்ப் பக்கத்துக் கிராமங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தேதி. வீட்டு நோட்டிலும் பழைய பத்திரத்திலும் தமிழ் ஆண்டுதான் இருக்கும், அதுவும் ௵ என்று வருடக் குறி, ௴ என்று மாதக் குறி போட்டு. அறுபது ஆண்டுச் சுற்றில் அது எத்தனையாவது ஆண்டு என்று எண்ணி, அதோடு 1866-ஐக் கூட்டினால் ஒரு சுற்று, 1926-ஐக் கூட்டினால் அடுத்த சுற்று, 1986-ஐக் கூட்டினால் இப்போதைய சுற்று. மார்கழி நடுவுக்குப் பிறகு வரும் தேதிகளுக்கு ஒன்று கூட்ட வேண்டும். இந்த ஒன்றை மறப்பதே மாற்றும்போது நடக்கும் முதல் பிழை.

"சர்வதாரி ௵ மாசி ௴ ௧௨ புதன்" என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்வதாரி 22-ஆவது ஆண்டு. 1888-இல் ஒன்று தொடங்குகிறது, 1948-இல் ஒன்று. மாசி என்பதால் 1889 அல்லது 1949. மாசி 12 ஏறக்குறைய பிப்ரவரி 22, 23. 1889 பிப்ரவரி 22 வெள்ளிக்கிழமை; 1949 பிப்ரவரி 23 புதன்கிழமை. மாதப்பிறப்புக் கணக்கில் ஒரு நாள் முன்பின் ஆனாலும் 1889-இல் புதன் வராது. ஆகவே 1949. கிழமை எழுதியிருந்தால் அதைத் தளத்தில் குறிப்பாகப் போட மறக்காதீர்கள், சுற்றைத் தீர்மானிக்க அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆண்டுப் பெயரைப் படிக்கும்போதும் கவனம் வேண்டும்: பிலவ வேறு, பிலவங்க வேறு, விரோதி வேறு, விரோதிகிருது வேறு, சர்வஜித்தும் சர்வதாரியும் பக்கத்துப் பக்கத்து ஆண்டுகள். வருவாய்க் கணக்குகளில் வரும் பசலி ஆண்டு என்றால் 590-ஐக் கூட்டுங்கள், ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கும். பசலி 1350 என்பது 1940 ஜூலை முதல் 1941 ஜூன் வரை. நாம் மாற்றிய ஆங்கிலத் தேதியை மட்டும் பதிந்துவிட்டு மூலத்தை விட்டுவிட்டால் பிழையைப் பின்னால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். ஹீப்ரு, பாரசீகம், இஸ்லாமியம் என்று பல நாட்காட்டிகளை ஏற்கும் கிராம்ப்ஸில்கூட நம் அறுபதாண்டுச் சுற்று கிடையாது.

ஆவணங்களில் பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கு ஈடு எதுவுமில்லை. யார் மகன் யார், மூத்த தாரத்துப் பிள்ளை யார், இளைய தாரத்துப் பிள்ளை யார், செத்தது யார், மைனர் யார், அவருக்குக் கார்டியன் யார் என்று மூன்று தலைமுறையை ஒரே தாளில் எழுதியிருப்பார்கள். அதைப் பிடிக்க வழி வில்லங்கச் சான்று. பதிவுத்துறைத் தளத்தில் மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு, காலம் கொடுத்தால் எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்களோடு பட்டியல் வரும். பல அலுவலகங்களில் 1975 முதல் கணினியில் இருக்கிறது. அதற்கு முந்தியதைப் பெரும்பாலும் அலுவலகத்தில் மனுப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். பட்டியலில் முந்தைய ஆவண எண் என்று ஒரு கட்டம் உண்டு. பலர் அதைக் கவனிப்பதில்லை. அந்த எண்ணையும் ஆண்டையும் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் படி இறங்குவதுபோல் தாத்தா காலத்துக்குப் போய்விடலாம். வேண்டிய பத்திரத்துக்குச் சான்றிட்ட நகல் கேளுங்கள்.

வில்லங்கம் வெறுமையாக வந்தால் சொத்தே இல்லை என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் சர்வே எண் மாறியிருக்கும். 1979-இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் உட்பிரிவுகள் புதிதாகப் போடப்பட்டன. பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்பதை, கிராமத்து நிலங்களைச் சர்வே எண் வாரியாகச் சொல்லும் அ-பதிவேட்டை வைத்துப் பொருத்த வேண்டும். பட்டா எண் தெரியாவிட்டால் நில ஆவணத் தளத்தில் பெயரை வைத்தும் தேடலாம். தகப்பன் அல்லது கணவர் பெயர் சேர்ந்தே வரும் என்பதால் எந்தக் கண்ணன் என்பது அங்கேயே தெளிந்துவிடும்.

பெண்களைப் பத்திரத்தில் தேடுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தந்த சட்டத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் செல்லுபடி; அதற்கு முன் கல்யாணமான பெண்களுக்கு 2005 வரை அது இல்லை. ஆகவே அதற்கு முந்திய பாகப்பிரிவினைகளில் பெண் பிள்ளைகள் பெயர் பெரும்பாலும் இருக்காது. பத்திரத்தில் நான்கு பிள்ளைகள் என்றால் குடும்பத்தில் நான்கு பேர்தான் என்று மரத்தில் முடித்துவிடக் கூடாது. அதற்குப் பிறகான, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரங்களில் அக்கா தங்கைகள் கையெழுத்துப் போட்டிருப்பார்கள், புகுந்த ஊர் முகவரியோடு.

பழைய பத்திரத்தைத் தட்டச்சு செய்யும்போது ௸ என்ற குறியை விட்டுவிடாதீர்கள். 'மேற்படி' என்று அர்த்தம். "௸ முனுசாமி மகன்" என்பதில் குறி போனால் மேலே சொன்ன முனுசாமியா, வேறொருவரா என்று குழம்பும். படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் எழுத்துணரி மென்பொருள்கள் இதைப் பெரும்பாலும் தின்றுவிடும், அல்லது எண்ணாக மாற்றிவிடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சில் ணா, றா, னா, லை, ளை போன்றவை பழைய வடிவத்தில் இருக்கும். அவற்றையும் தப்பாகப் படிக்கும். படம் எடுக்க 12 மெகாபிக்சல் கைப்பேசி போதும், ஏ4 தாளை முழுக்கச் சட்டத்தில் நிரப்பினால் அங்குலத்துக்கு 300 புள்ளிக்கு மேல் கிடைக்கும். ஃபிளாஷ் வேண்டாம். ஜன்னல் பக்கம் வைத்து எடுங்கள்.

வாக்காளர் பட்டியலில் வீட்டு எண் வரிசையாக ஒரு வீட்டின் எல்லாரும் வருவார்கள், தகப்பன் அல்லது கணவர் பெயரோடு. பழைய பட்டியலைத் தேடுகிறவர்கள் தொகுதியில் வழுக்குவார்கள்: 2008 மறுசீரமைப்பில் பேரணாம்பட்டு, நாட்றம்பள்ளி தொகுதிகள் மறைந்து கீழ்வைத்தினான்குப்பம், ஜோலார்பேட்டை வந்தன. 2002, 2005 பட்டியல்களில் பழைய தொகுதிப் பெயரில்தான் பார்க்க வேண்டும். அதில் வரும் வயதை ஐந்து ஆண்டு முன்பின் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் இல்லாத, ஆனால் இணைய மரத்தை நிமிர்த்தும் ஒரு சரக்கு வீட்டுப் பரணில் கிடக்கும் மொய் நோட்டு. ஊர், பெயர், தொகை என்று வரி வரியாக. தாய்மாமன் சீர் முதலில், பிறகு பங்காளிகள், பிறகு சம்பந்தி வீட்டார் என்று எழுதிய வரிசையே முறை சொல்லும். ஒரு நோட்டில் ஐம்பது ஊர் இருந்தால் பெண் கொடுத்து எடுத்த ஊர்கள் எவை என்பது துலங்கிவிடும். கோயில் தலைக்கட்டு வரி நோட்டும் இப்படியே. பங்காளி வட்டம் முழுக்க அதில் இருக்கும். இவற்றைத் தளத்தில் ஏற்றும்போது ஒவ்வொரு வரியையும் ஓர் ஆளாக உருவாக்காதீர்கள். நோட்டை ஒரே சான்றாக ஏற்றி, யாரென்று தெரிந்தவர்களை மட்டும் அதோடு கட்டுங்கள். மற்றவை விரிதாளில் காத்திருக்கட்டும்.

அக்கா மகளைக் கட்டுவது, அத்தை மகளைக் கட்டுவது நம் பக்கத்தில் சாதாரணம். மரம் இங்கே மரமாக இருக்காது, வளையமாகிவிடும். மணப்பெண்ணைப் புது ஆளாகச் சேர்ப்பதே வழக்கமான தவறு. அவள் ஏற்கெனவே அக்காவின் மகளாக உள்ளே இருப்பாள். பெண்ணைச் சேர்க்கும் முன் அவள் தாய் பெயரை மரத்தில் தேடுங்கள். முன்னோரை விசிறிபோல் விரித்துக் காட்டும் படத்தில் ஒரே தாத்தா இரண்டு இடத்தில் வருவது கோளாறல்ல. வளையத்தை ஒழுங்காகக் காட்ட கிராம்ப்ஸில் உறவு வரைபட அறிக்கை இருக்கிறது, அதை எடுங்கள். இன்னொன்று, பெரியப்பாவா சித்தப்பாவா என்று தளம் சொல்ல வேண்டுமானால் மூத்தவர் இளையவர் வரிசை தெரிய வேண்டும். பிறந்த தேதி இல்லாத வீடுகளில் பிள்ளைகளைக் கையால் மேலும் கீழும் நகர்த்தி வரிசைப்படுத்துங்கள். அண்ணன் தம்பி வரிசையைப் பாட்டிமார் ஒருபோதும் தவறவிடுவதில்லை. ஆண்டு கேட்டால்தான் விழிப்பார்கள்.

உயிரோடிருப்பவர்களை மறைவில் வையுங்கள். பட்டா எண், ஆதார், பத்திரப் படம் எதுவும் பொதுவில் வேண்டாம். பாகம் தீராத சொத்துள்ள வீட்டில் மரமே வழக்குக்குக் காகிதமாகிவிடும். மாதம் ஒரு முறை மரத்தை, குடும்ப மரத் தளங்களுக்குப் பொதுவான கெட்காம் கோப்பாக இறக்கி, நோட்பேடில் திறந்து, தமிழ்ப் பெயர் ஒன்றைத் தேடிப் பாருங்கள். கேள்விக்குறிகளாக வந்தால் எழுத்துக்குறியீடு யூடிஎஃப்-8 அல்ல. ஏற்றுமதி அமைப்பில் அதை மாற்றி மறுபடி இறக்குங்கள். அந்தக் கோப்பில் படங்கள் வராது, அவற்றின் முகவரி மட்டுமே வரும். மொய் நோட்டுப் படங்களைத் தனி வட்டில் வேறாக எடுத்து வைக்க வேண்டும்.